பஞ்சு சொன்ன பரவாயில்லை

போனஸ் வாங்கியவன் எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்கே தெரியும். பல் தெரியச் சிரிக்க வேண்டும். கொடுத்தவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்க வேண்டும். வீட்டுக்குப் போன் போட்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி விஷயத்தைச் சொல்ல வேண்டும். பஞ்சு இதில் எதையும் செய்யவில்லை. மேடைக்குப் போனான், உறையை வாங்கினான், "எப்படி ஃபீல் பண்றீங்க?" என்று மைக்கை நீட்டியபோது "பரவாயில்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பஞ்சுவுக்கு வாய் இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

அவன் வேலை பார்த்தது மெத்தை செய்கிற ஒரு பெரிய கம்பெனியில். "படுத்தாலே போதும்" என்பது அதன் விளம்பர வாசகம். பஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எங்கே அழுத்தினாலும் அமுங்குவான், கையை எடுத்தால் பழையபடி எழும்பிக்கொள்வான் என்பதால் ஆபீசில் வைத்த பெயர். அவன் இருந்தது வாடிக்கையாளர் கருத்துப் பிரிவில். மெத்தை வாங்கி ஒரு மாதம் ஆனவர்களுக்குப் போன் போட்டு, "மெத்தை எப்படிங்க இருக்கு?" என்று கேட்பதுதான் வேலை. அந்தக் கேள்விக்கு வருகிற பதில்கள் மூன்றே வகை. நல்லா இருக்கு, மோசமா இருக்கு, பரவாயில்லை.

மோசம் என்கிறவர்களைப் பற்றிக் கவலையே இல்லை. அவர்களுக்கு யாரையாவது திட்ட வேண்டும், அவ்வளவுதான். திட்டி முடித்தபின் அதே மெத்தையில் குறட்டை விட்டுத் தூங்குவார்கள். ஆபத்தானவர்கள் பரவாயில்லை ஆட்கள்தான். வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுத்த மெத்தையை வேறு கம்பெனியில் வாங்கிவிடுவார்கள், போதாக்குறைக்கு மச்சான், சகலை எல்லாரையும் அங்கேயே அனுப்பி வைப்பார்கள். இதைக் கண்டுபிடித்ததே பஞ்சுதான். அதற்கென்று ஒரு நடைமுறையை வகுத்துக் கொடுத்ததும் அவன்தான். ஒருத்தர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டாரா, முதலில் கூப்பிட்டுத் தன்மையாகப் பேசு. மசியவில்லையா, வீட்டுக்கே போய்ப் பார். அப்புறமும் அதே பாட்டுத்தானா, அன்பளிப்பாக ஒரு தலையணை கொடு. தலையணையையும் வாங்கிக்கொண்டு பரவாயில்லை என்றால், அந்த ஆளைத் தலைமுழுகு. இதற்காகக் கம்பெனி அவனுக்குக் கேடயம்கூடக் கொடுத்திருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவனைவிடத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

தெரிந்தும் ஏன் சொன்னான் என்றால், அதற்குக் காரணம் கொட்டாவி.

பஞ்சுவுக்குப் பக்கத்து நாற்காலியில் பல வருஷமாக உட்கார்ந்திருந்தவன் கொட்டாவி. மெத்தையைப் பற்றிப் பேசிப் பேசியே அவனுக்குத் தூக்கம் வந்துவிடும். அவன் ஒரு கொட்டாவி விட்டால் பிரிவு முழுக்க வரிசையாக விடும். போனஸ் அன்று இவர்கள் இருவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. உறையைப் பிரிக்காமல் மேஜைக்கு அடியில் மாற்றிக்கொள்வார்கள். அவனுடையதை இவனும் இவனுடையதை அவனும் பிரித்துப் பார்த்து, "அடப்பாவி, உனக்கா இவ்வளவு?" என்று திட்டிக்கொள்வார்கள். இருவருக்கும் தொகை எப்போதும் ஒன்றேதான். அப்புறம் கீழே போய் டீ குடிப்பார்கள். பஞ்சுவுக்குப் போனஸ் என்றால் அந்தத் திட்டும் அந்த டீயும்தான்.

இந்த வருஷம் போனஸுக்கு முந்தின வாரம் கம்பெனி கொஞ்சம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதில் கொட்டாவியும் ஒருவன். மறுநாளே அவன் மேஜையில் ஒரு பிரிண்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பொது மேலாளர், அதாவது எல்லாரும் ஜி.எம். என்று கூப்பிடுகிறவர், விழா மேடையில் இதை மறைக்கவும் இல்லை. அவர் வெள்ளை மனசுக்காரர், எதையும் ஒளித்துப் பேசத் தெரியாது.

"நம்ம குடும்பம் இந்த வருஷம் கொஞ்சம் சின்னதாயிடுச்சு. லாபமே இல்லையே, போனஸ் எப்படி சார் குடுக்கிறீங்கன்னு சில பேர் கேக்கிறாங்க. இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. பானையில அதே சோறுதான். தட்டுதான் குறைஞ்சிருக்கு. அதனால உங்க ஒவ்வொருத்தர் தட்டுலயும் ஒரு கரண்டி கூட விழுது. போனவங்களை நன்றியோட நினைச்சுக்கிட்டு வயிறாரச் சாப்பிடுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். பஞ்சுவும் தட்டினான். ஆனால் உறையைக் கையில் வாங்கும்போது யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மைக் வாய்க்கு முன்னால் வந்தது. கீழே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தவன், பழக்கதோஷத்தில் மேஜைக்கு அடியில் உறையை இடது பக்கம் நீட்டினான். பிரிண்டரின் வயரில் கை இடித்தது. அன்றோடு அவனுக்கு எதுவும் பிடிக்காமல் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. ஊரையே தூங்க வைக்கிற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு விடிய விடிய உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். ஆபீசில் வாடிக்கையாளர் யாராவது "நல்லா இருக்குங்க" என்றால்கூடக் கண் கலங்கியது.

கம்பெனி சும்மா இருக்குமா? மலர்ச்சிப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அதற்கு முன்பு மனிதவளப் பிரிவு என்றுதான் பெயர். மனிதர்களைக் குறைத்த கையோடு பெயரையும் மாற்றிவிட்டார்கள். அதன் தலைவியை எல்லாரும் மேடம் என்பார்கள். மேடம் அவனை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு தன்மையாகப் பேசினார். பஞ்சுவுக்கு உடனே புரிந்துவிட்டது. தலையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பது வரை அது அவன் வகுத்த முதல் படி.

கம்பெனி போனஸ் கொடுப்பது பணமாக இல்லை, மகிழ்ச்சியாகத்தான் என்று மேடம் விளக்கினார். பணம் வெறும் பொட்டலம். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கிற சரக்கை அனுபவிக்காமல் இருப்பது கம்பெனிச் சொத்தை வீணாக்குவதற்குச் சமம். பஞ்சு தயங்கித் தயங்கி, மனசு கொஞ்சம் சரியில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்றான்.

"மனசு சரியில்லாம இருக்கிறது உங்க உரிமை. அதுக்குன்னு நம்மகிட்ட லீவே இருக்கு. ஆனா போனஸ் வாங்கின மாசத்துல அந்த லீவு செல்லாது. இன்னொண்ணு சொல்லட்டுமா? வேலையை விட்டுப் போனவங்ககிட்டகூட நான் கேட்டேன். எல்லாரும் திருப்தியாத்தான் போறோம்னு கையெழுத்துப் போட்டாங்க. போடாதவங்களுக்குக் கடைசிச் சம்பளம் வராதுல்ல, அதனால ஒருத்தர் பாக்கி இல்லாம போட்டாங்க. வெளிய போனவங்களே திருப்தியா இருக்கும்போது, உள்ள இருக்கிற உங்களுக்கு என்ன வந்துச்சு?"

பஞ்சு தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தான். "ஒண்ணும் இல்லைங்க மேடம், பரவாயில்லை" என்று மறுபடியும் சொல்லித் தொலைத்தான்.

விஷயம் ஜி.எம். காதுக்குப் போனது. அவர் நியாயஸ்தர். ஒரு சொல்லை வைத்து ஒருவனைத் தண்டிக்கக் கூடாது, முதலில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். ஓய்வுபெற்ற மொழிப் பேராசிரியர் ஒருவரைக் கார் அனுப்பி வரவழைத்தார்கள். கண்ணாடிச் சுவர் போட்ட கூட்ட அறையில் பேராசிரியர் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார். பரவாயில்லை என்பதில் முதல் பாதி பிற மொழியிலிருந்து வந்தது, 'இல்லை' என்பது மட்டும்தான் நம் சொந்தச் சொத்து என்று ஆரம்பித்தார். காய்ச்சல்காரன் சொன்னால் குணமாகிவருகிறது என்று அர்த்தம், மார்க் வாங்கிய பையனின் அப்பா சொன்னால் இன்னும் வாங்கியிருக்கலாம் என்று அர்த்தம், கடன் கேட்டு வந்தவன் சொன்னால் வேறு இடத்தில் கேட்டுக்கொள்கிறேன் என்று அர்த்தம் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஜி.எம். குறுக்கிட்டு, போனஸ் வாங்கியவன் சொன்னால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதோட ஆதாரமான இடம் பஸ்ஸுங்க. ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிச்சிடுறார். மிதிச்சவர் ஸாரிங்கிறார். மிதிபட்டவர் பரவாயில்லைங்கிறார். கவனிக்கணும், மிதிபட்டவர்தான் சொல்ல முடியும். மிதிச்சவர் சொல்ல முடியாது."

"அப்போ நாங்க மிதிச்சோம்னு சொல்றாரா?" என்றார் ஜி.எம்.

 பேராசிரியருக்குத் தர வேண்டிய சன்மானம் அப்போது ஜி.எம்.மின் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, மிதிபட்டதில் சுகம் கண்டவர்களும் அபூர்வமாக அப்படிச் சொல்வதுண்டு, இலக்கியத்தில் இடம் இருக்கிறது என்று முடித்துக்கொண்டார். எந்த இலக்கியம் என்று யாரும் கேட்கவில்லை. முடிவுக்கு வர முடியாததால் இரண்டாவது படிக்குப் போகலாம் என்று மேடம் சொன்னார்.

இரண்டாவது படி வீட்டுக்கு வருவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடமே வந்தார். போனஸில் வாங்கிய ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் பாட்டிலும் மிச்சக் குழம்பும் இருப்பதைக் கண்டு, இதைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று பஞ்சுவைக் கேட்டார். மூட வேண்டும் என்று தோன்றுகிறது, குளிர் போகிறது என்றான் பஞ்சு. அப்புறம், வீட்டில் உள்ளவர்களைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்ற விதிப்படி அவன் மனைவியைக் கூடத்தில் உட்காரவைத்து விசாரித்தார். விதியைப் போட்ட புண்ணியவான் சமையலறையில் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டான்.

மனைவி கெட்டிக்காரி. புருஷனின் வேலைக்கு உலை வைக்கத்தான் இந்த அம்மாள் வந்திருக்கிறாள் என்று அவளுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது.

"அவர் சுபாவமே அதுதாங்க மேடம். முதன்முதல்ல என்னைப் பார்த்துட்டு வீட்டுல போய் என்ன சொன்னாராம் தெரியுமா? பரவாயில்லைன்னாராம். அப்படியும் கட்டிக்கிட்டாரு. பொண்ணு பொறந்து நர்ஸ் கையில குடுத்தப்போ, மூக்கு பரவாயில்லைன்னாரு. அந்தப் பொண்ணு மேல உசுரையே வச்சிருக்காரு. அவர் வாயில அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாதுங்க. இந்தக் கல்யாண போட்டோவைப் பாருங்க, இதுலயாவது சிரிக்கிறாரா? இவர் மூஞ்சி சிரிக்கிறதுக்குச் செஞ்சது இல்லைங்க."

மேடம் மகளையும் விசாரித்தார். அப்பா சிரித்தால் பயமாக இருக்கும் என்று மகள் சாட்சி சொன்னாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேடம் எழுந்து செருப்பை மாட்டும்போது, சும்மா ஒரு பேச்சுக்காக, "உங்களுக்கு என்னதாங்க குறை?" என்று கேட்டார். அதில் ஒரு நிமிஷம் உண்மையான கனிவு இருந்த மாதிரி பஞ்சுவுக்குப் பட்டது. அமுங்கிவிட்டான்.

"பக்கத்துல ஆள் இல்லை மேடம்," என்றான்.

மேடத்துக்கு முகம் மலர்ந்தது. குறை என்னவென்று தெரிந்துவிட்டால் அன்பளிப்பு கொடுப்பது சுலபம். மூன்றாவது படி தலையணை. அடுத்த வாரம் பஞ்சு வேலைக்கு வந்தபோது பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, அதில் கொட்டாவி உட்கார்ந்திருந்தான். சட்டையில் 'மலர்ச்சி உதவியாளர்' என்று ஒரு அட்டை குத்தியிருந்தது. தினக்கூலி. பஞ்சு மலர்கிற வரைக்கும் வேலை, மலர்ந்ததும் வேலை முடிந்தது. கூலியைப் பஞ்சு வாங்கிய போனஸ் கணக்கிலேயே எழுதி, அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், அவன் சந்தோஷத்துக்குத்தானே இத்தனையும்.

கொட்டாவி இளைத்திருந்தான். வேலை போனதிலிருந்து இன்னும் ஓர் இடத்திலும் கூப்பிடவில்லை என்றான். காலையில் வழக்கம்போல் கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்து சாயங்காலம் திரும்புகிறானாம், அண்டை வீட்டுக்காரர்களுக்குத் தெரியக் கூடாதென்று. அவன் வாயிலிருந்து ஒரு கொட்டாவிகூட வரவில்லை. ஆனால் குசும்பு மட்டும் அப்படியே இருந்தது.

"விஷயம் புரியுதாடா? என் சம்பளத்தை எடுத்து உனக்கு போனஸாக் குடுத்தாங்க. இப்ப உன் போனஸை எடுத்து எனக்குக் கூலியாக் குடுக்கிறாங்க. நடுவுல அந்தம்மாவுக்கு ஒரு வேலை," என்றான்.

பஞ்சுவுக்கு வயிற்றைக் குலுக்கிக்கொண்டு சிரிப்பு வந்தது. எத்தனையோ நாள் அடக்கிவைத்த சிரிப்பு. சிரித்தால் இவன் பிழைப்பு போச்சே என்று பதறி, பிரிண்டர் வயரைச் சரிசெய்கிற மாதிரி மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டான். கொட்டாவியும் கூடவே குனிந்தான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சத்தமில்லாமல் சிரித்தார்கள். அங்கே வைத்துத்தான் பஞ்சு அந்த யோசனையைச் சொன்னான். மலரவே வேண்டாம். முடிந்த மட்டும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு இழுத்தடிக்கலாம், கொட்டாவிக்கு வேறு வேலை கிடைக்கிற வரையாவது கூலி வரட்டும்.

கொட்டாவி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "மாட்டிக்கிட்டா உனக்குத்தான்டா ஆபத்து. எனக்குப் போறதுக்கு என்ன இருக்கு?" என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சும்மா இரு என்று பஞ்சு அடித்துச் சொன்னான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னை ஒரு பெரிய மனிதனாக நினைத்துக்கொண்டான்.

அதன்பின் அந்தப் பிரிவில் நடந்தது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. மேடம் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் கொட்டாவி, "மூஞ்சி, மூஞ்சி" என்பான். பஞ்சு கன்னத்தைத் தொங்கவிடுவான். மேடம் தாண்டிப் போனதும் இருவரும் மேஜைக்கு அடியில் போய்விடுவார்கள். பஞ்சுவுக்குச் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்த மனிதன் அந்தச் சந்தோஷத்தைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. மேடத்துக்குக் கவலை அதிகமாகிக்கொண்டே போனது.

மாதக் கடைசியில் மேடம் வந்து, நாலாவது படிக்கு வந்துவிட்டோம் என்று வருத்தத்தோடு சொன்னார். மறுநாள் ஜி.எம். முன்னிலையில் கூட்டம். மலர்ந்துவிட்டால் நல்லது. மலராவிட்டால் பஞ்சுவைத் தலைமுழுகிவிட்டு அந்த இடத்துக்கு வேறு ஆள் போடுவார்கள்.

"வேற ஆளுன்னா யாருங்க மேடம்?" என்று கேட்டான் பஞ்சு.

"வெளிய தேட வேண்டியதில்லை. உங்க பக்கத்திலேயே இருக்காரே. வேலை தெரிஞ்சவரு, உங்க சம்பளத்துல பாதிக்கே வருவாரு. நீங்க மலர்ந்தீங்களா இல்லையான்னு நாளைக்கு முதல்ல அவர்தான் சொல்லப் போறாரு. எதையும் மனசுல வச்சுக்காதீங்க, நடைமுறை நீங்க எழுதினதுதான்."

கொட்டாவி அப்போது டீ வாங்கக் கீழே போயிருந்தான். டீயோடு திரும்பி வந்தவனிடம் பஞ்சு எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். டீயைக் குடித்தான், ருசி தெரியவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னான். அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, "அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்லங்க. அவர் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். பஞ்சு பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அவனுக்குப் பதில் தெரியும். தன்னைப் போலப் பிறரையும் நினை என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். பஞ்சு அட்சரம் பிசகாமல் அப்படியே நினைத்தான். அன்றைக்கு மறுபடியும் தூக்கம் போயிற்று.

மறுநாள் கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கொட்டாவியைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி வழியாக அவன் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. அவன் ஏதோ சொல்ல, ஜி.எம். தலையாட்டினார். மேடம் சிரித்தார்.  கொட்டாவி வெளியே வந்து பஞ்சுவின் தோளைத் தட்டி, "போடா, தைரியமாப் போ" என்றான். கோழியைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தானே அறுப்பார்கள் என்று பஞ்சு நினைத்துக்கொண்டான்.

உள்ளே ஜி.எம்., மேடம், பேராசிரியர் மூவரும் இருந்தார்கள். சொல் ஆராய்ச்சி முடியாததால் பேராசிரியரை இன்னும் வைத்திருந்தார்கள். பஞ்சு நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. யாரும் எதுவும் கேட்பதற்குள் கொட்டிவிட்டான். தான் எப்போதோ மலர்ந்துவிட்டதாகச் சொன்னான். கொட்டாவி வந்த முதல் நாளே மலர்ந்துவிட்டேன், கூலிக்கு ஆசைப்பட்டு அவன்தான் மூஞ்சியைத் தொங்கப் போடச் சொல்லித் தினமும் பாடம் நடத்தினான் என்றான். கம்பெனியை ஏமாற்ற மனசு கேட்கவில்லை என்றும், தன் இடத்தைப் பிடிப்பதற்காகவே அவன் இத்தனையும் செய்தான் என்றும் சொல்லி, மூச்சு வாங்கி நின்றான்.

மேடமும் ஜி.எம்.மும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆனா அவர் இப்பதானே சொல்லிட்டுப் போனாரு," என்றார் மேடம். "அவன் முழுசா சரியாயிட்டான், இனிமே நான் தேவையில்ல, அவன் வேலையில கை வைக்காதீங்கன்னு. அந்த இடத்தை அவருக்கே தர்றோம்னு சொல்லிப் பார்த்தோம். வேண்டாம்னுட்டாரு. உங்களைச் சும்மா கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டோம்."

 அப்போதாவது பஞ்சு வாயைத் திறந்திருக்கலாம். யோசனை என்னுடையது சார் என்று சொல்லியிருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது. வந்த வழியே உள்ளே போய்விட்டது. ஏனென்றால் அதற்குள் ஜி.எம். எழுந்து நின்று, மேஜையைச் சுற்றி வந்து, அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா மேடம்? இதுக்குத்தான் நான் குடும்பம் குடும்பம்னு அடிச்சுக்கிறேன். வெளியாள் ஒருத்தன் உள்ள புகுந்து நம்மளை ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கான். நம்ம பிள்ளை, சொந்த சிநேகிதன்னுகூடப் பார்க்காம, பிடிச்சுக் குடுத்துட்டாரு. இப்படிப்பட்ட ஆளுங்களைச் சம்பாதிக்கத்தான் நான் போனஸே குடுக்கிறேன். பணத்தைக் குடுத்தா யாரும் விசுவாசமா ஆயிட மாட்டாங்க. பக்கத்து நாற்காலியைக் காலி பண்ணிட்டு அப்புறம் குடுக்கணும்." அவனை விட்டுவிட்டு மேடம் பக்கம் திரும்பினார். "அவனுக்குக் குடுத்த கூலியைத் திருப்பி வாங்குங்க. எந்தக் கம்பெனியிலிருந்து விசாரிச்சாலும் ஏமாத்துக்காரன்னு சொல்லிடுங்க. இவருக்கு இன்னொரு போனஸ் போடுங்க."

பஞ்சு அழ ஆரம்பித்தான். சத்தம் போட்டு, தோள் குலுங்க, மூக்கு ஒழுக அழுதான். மூவரும் திகைத்துப் போனார்கள். போனஸ் என்று சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் இப்படியா? மறுபடியும் முதல் படியிலிருந்தா? மேடம் கவலையோடு பேராசிரியரைப் பார்த்தார்.

பேராசிரியர் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. "ஆனந்தக் கண்ணீர்," என்றார். "கண்ணீருக்கு அடைமொழி குடுக்கிறது அழுகிறவர் கையில இல்லைங்க. பார்க்கிறவங்க கையிலதான் இருக்கு."

ஜி.எம்.முக்கு உயிர் வந்தது. "மலர்ந்துட்டாருப்பா," என்று சொல்லிப் பலமாகக் கைதட்டினார். மேடமும் பேராசிரியரும் எழுந்து நின்று தட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரவர் மேஜையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, ஜி.எம். தட்டுகிறார் என்றதும் என்ன ஏது என்று கேட்காமல் அவர்களும் எழுந்து தட்டினார்கள்.

பஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தான். பெஞ்சிலிருந்து எழுந்து நின்ற கொட்டாவி, பக்கத்தில் இருந்த காவலாளியின் கையைப் பிடித்து உலுக்கி ஏதோ சொன்னான். சத்தம் கேட்காவிட்டாலும் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது, "நம்மாளு பொழைச்சுட்டான்" என்கிறான். அட்டை குத்திய சட்டையோடு, தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு, மேடம் கதவைத் திறந்து அவனிடம் போகிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தான்.